பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் ஆட்குறைப்பு நடக்கிறது. ஓசூரில் குடியிருக்கும் நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்வருகிறீர்கள். இப்போதைய நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் முடித்திருக்கிறீர்கள். உங்கள் பிராஜெக்ட்டின் ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. வேலை போகுமோ என்று பயப்பட வேண்டுமா, இப்போதே எதையெல்லாம் செய்துவைக்க வேண்டும், ஓசூரை அடுத்த மத்திகிரிப் பக்கம் பார்த்து வைத்திருக்கும் மனைக்குக் கடன் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பாலக்கோட்டிலிருந்து வந்து ஓசூரில் குடியேறி, அத்திப்பள்ளி சுங்கச்சாவடியைத் தாண்டி வேலைக்குப் போகிறவன். நான் வேலை பார்த்த ஒரு சிறிய நிறுவனம் மூடப்பட்டதை உள்ளேயிருந்து பார்த்தவன் என்பதால், உங்கள் கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

பயப்படுவதில் தவறில்லை. ஆனால் நம்மில் பலர் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துப் பயப்படுகிறோம். பார்க்க வேண்டியது நம் பெயர் எந்தக் கிளையண்ட்டின் பில்லில் ஏறுகிறது, அதாவது நம் வேலைக்கு எந்த வாடிக்கையாளர் நிறுவனம் பணம் கொடுக்கிறது, அந்தக் கிளையண்ட்டின் தொழில் எப்படி நடக்கிறது என்பதைத்தான். கொரோனா காலத்தில் அமெரிக்காவில் வட்டி ஏறக்குறைய பூஜ்யமாக இருந்தது. கடன் மலிவாகக் கிடைத்ததால் நிறுவனங்கள் தேவைக்கு மேல் ஆள் எடுத்தன. 2022 மார்ச்சில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்தத் தொடங்கி, 2023 ஜூலைக்குள் அதை 5.25 முதல் 5.50 சதவீதம் என்ற அளவுக்குக் கொண்டுபோனது. அந்த இடைவெளியில்தான் மெட்டா 2022 நவம்பரில் 11,000 பேரையும், 2023 ஜனவரியில் அமேசான் 18,000, கூகுள் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அங்கே ஒரு வங்கியோ சில்லறை வணிக நிறுவனமோ செலவைக் குறைக்க முடிவெடுத்தால், புதிய பிராஜெக்ட் தள்ளிப்போகிறது. நடக்கும் பிராஜெக்ட்டில் பத்துப் பேர் செய்ததை ஏழு பேர் செய்யச் சொல்கிறார்கள். மீதி மூவர் இங்கே பெஞ்சுக்கு, அதாவது பிராஜெக்ட் இல்லாமல் சம்பளத்தில் காத்திருக்கும் நிலைக்கு வருகிறார்கள்.

முன்பெல்லாம் பெஞ்ச் என்பது ஓரளவு மூச்சு விடும் காலமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. டிசிஎஸ் 2025 ஜூனில் கொண்டுவந்த விதிப்படி ஓர் ஊழியர் ஆண்டுக்கு 225 நாட்கள் பில்லில் இருக்க வேண்டும். பெஞ்சில் 35 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தது. அதில் பெரும்பாலோர் நடுநிலை, மேல்நிலைப் பொறுப்புகளில் இருந்தவர்கள். அனுபவம் கூடக்கூட வேலை உறுதியாகும் என்று நம் பெற்றோர் நம்பியது அரசு வேலையைப் பார்த்து. இந்தத் துறையில் நேரில் மென்பொருள் குறியீடு (கோட்) எழுதாமல் ஆட்களை மட்டும் மேய்க்கும் பத்தாண்டு அனுபவக்காரர்தான் முதலில் செலவாகத் தெரிகிறார். நீங்கள் இன்னும் குறியீடு எழுதுகிறீர்கள் என்றால் அதை விட்டுவிடாதீர்கள்.

முதலீட்டாளர் பணத்தில் ஓடும் சிறு நிறுவனங்களின் கதை வேறு. அங்கே வருமானம் வரும்வரை தாங்குவதற்குக் கையில் எத்தனை மாதப் பணம் இருக்கிறது என்பதே கணக்கு. பெங்களூரிலிருந்து இயங்கிய ‘கூ’ என்ற சமூக ஊடகச் செயலி, விற்பனைப் பேச்சுகள் பலனளிக்காததால், 2024 ஜூலையில் மூடப்பட்டதை நீங்களும் படித்திருப்பீர்கள். நான் இருந்த நிறுவனத்தில் சம்பளம் கடைசிவரை குறித்த தேதியில்தான் வந்துகொண்டிருந்தது. முதலில் நின்றது பிஎஃப் என்ற வருங்கால வைப்பு நிதிக்கான பணம். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தது. ஆனால் யுஏஎன் (பிஎஃப் கணக்குகளுக்கான பொது எண்) பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் அந்த மாதத்துப் பதிவு இல்லை. பிறகு காபி இயந்திரத்தை வாடகைக்கு விட்டவர் ஒரு நாள் மதியம் இரண்டு ஆட்களுடன் வந்து, பால் பாத்திரத்தை அங்கேயே கழுவிவைத்துவிட்டு, இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனார். பழுதுபார்க்கப் போகிறது என்றார்கள். அது திரும்பி வரவில்லை. ஒவ்வொரு மாதமும் பிடித்த பிஎஃப் தொகையை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் நிறுவனம் கட்டியாக வேண்டும். ஆகவே 20-ஆம் தேதி வாக்கில் பாஸ்புக்கை ஒருமுறை பார்த்துவிடுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வருமான வரிப் பிடித்தம் வரித் துறையின் இணையதளத்தில் உங்கள் பெயரில் ஏறுகிறதா என்பதையும் காலாண்டுக்கு ஒருமுறை பாருங்கள். மேலாளர்கள் கூட்டத்தில் சொல்லாததை இந்த இரண்டும் சொல்லிவிடும்.

நிறுவனம் திவாலாகி தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் பாக்கிச் சம்பளம் அத்தோடு போய்விடுவதில்லை. தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவரின் முந்தைய 24 மாத நிலுவை, அடமானக் கடன் கொடுத்தவர்களுக்குச் சமமான வரிசையில் நிற்கிறது. மற்ற ஊழியர்களின் 12 மாத நிலுவை அதற்கு அடுத்து வருகிறது. நிறுவனத்தைக் கலைத்துக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் சொத்துக்குள் பிஎஃப் பணம் சேர்வதே இல்லை. ஆனால் அறிவிப்பில் சொல்லப்பட்ட கெடுவுக்குள் உரிமை கோரும் படிவத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பலர் விரக்தியில் அதைக்கூடச் செய்வதில்லை.

உங்களுக்கு அதிகம் நேரக்கூடியது மூடல் அல்ல, ராஜினாமா கேட்பதற்காக ஒரு சிறிய அறைக்கு அழைக்கப்படுவது. எச்.ஆர். ஒருவரும் உங்களோடு அதிகம் பேசியிராத இன்னொருவரும் இருப்பார்கள். “நீங்களே ராஜினாமா கொடுத்தால் நல்லபடியாக ரிலீவிங் லெட்டர் தருகிறோம், இல்லாவிட்டால் டெர்மினேஷன் என்று பதிவாகும், அடுத்த கம்பெனி எடுக்காது” என்பார்கள். மடிக்கணினியில் ராஜினாமா பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கும். அந்த அறையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், எதையும் சொடுக்காதீர்கள். “வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன், சொன்னதை மின்னஞ்சலில் அனுப்புங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால்கூட இந்தப் பதில் எழுதிய பயன் எனக்குக் கிடைத்துவிடும்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் சொன்னதையே, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது: ஓராண்டு தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். ஐந்து ஆண்டுகள் முடித்த உங்களுக்கு அது 75 நாள் ஊதியம். தானாக விலகியவருக்கு இந்த இழப்பீடு கிடையாது. அதனால்தான் ராஜினாமாவை வற்புறுத்துகிறார்கள். கிராஜுவிட்டி (பணிக்கொடை) வேறு கணக்கு: ஐந்து ஆண்டுகள் முடிந்துவிட்டதால், ராஜினாமா செய்தாலும் ஆட்குறைப்பில் வெளியேறினாலும் அது உங்களுக்கு உரியது. ‘நீங்கள் தொழிலாளர் அல்ல, எக்ஸிக்யூட்டிவ்’ என்று வாதிடுவார்கள். நீதிமன்றங்கள் பதவிப் பெயரைவிட உண்மையில் செய்யும் வேலையின் தன்மையைத்தான் பார்க்கின்றன. டெர்மினேஷன் (பணிநீக்கம்) என்ற சொல்லைக் கண்டு நடுங்கவும் வேண்டாம். நேர்காணல் எடுக்கும் குழுவில் இன்று நானும் உட்காருகிறேன். ஆட்குறைப்பில் வெளியே வந்தவர் என்பதற்காக யாரையும் ஒதுக்கியதில்லை.

நம் பக்கத்து ஆட்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. வீடு ஓசூரில் இருப்பதால் கிருஷ்ணகிரியில் மனு கொடுக்க ஓடுகிறார்கள். பணியிடம் கர்நாடகத்தில் இருப்பதால் கர்நாடகத் தொழிலாளர் துறையைத்தான் நாட வேண்டும். அதன் தலைமை அலுவலகம் பெங்களூரு பன்னேருகட்டா சாலையில் கார்மிக பவனில் இருக்கிறது. கே.ஐ.டி.யூ. என்ற ஐடி ஊழியர் சங்கமும் அங்கே செயல்படுகிறது. ஓசூர்க்காரர்கள் பலருக்குக் கன்னடம் பேச வருமென்பதால் தயங்க ஒன்றுமில்லை.

இப்போதே செய்ய வேண்டியவை அதிகமில்லை. பணி நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16 போன்ற வரிப் பிடித்தச் சான்றுகள், ஆண்டு மதிப்பீட்டு மின்னஞ்சல்கள் ஆகியவற்றின் பிரதிகள் உங்கள் சொந்தக் கணக்கில் இருக்கட்டும். வேலை போகும் நாளில் மடிக்கணினி சில நிமிடங்களில் பூட்டப்பட்டுவிடும். நிறுவனத்தின் குறியீட்டையோ கிளையண்ட்டின் தரவையோ மட்டும் எடுக்காதீர்கள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். வேலையோடு அதுவும் முடிந்துவிடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் புதிய பாலிசியில் மூன்று ஆண்டுகள்வரை காத்திருப்பு இருக்கலாம் என்பதால், தனிப் பாலிசியை வேலை இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். பழைய பிஎஃப் கணக்குகளை எடுத்துச் செலவழிக்காமல் ஒரே யுஏஎன்னுக்கு மாற்றுங்கள்; ஓய்வூதியத்துக்குப் பத்து ஆண்டுப் பணி தேவை.

அடுத்த வேலை என்றதும் பெங்களூருக்குள் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டித்தான் தேட வேண்டும் என்பதில்லை. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், டாடா எலக்ட்ரானிக்ஸ், குருபரப்பள்ளியில் டெல்டா என நம் மாவட்டத்திலேயே இவ்வளவு ஆலைகள் இருக்கின்றன. எஸ்ஏபி என்ற நிறுவன நிர்வாக மென்பொருள், உற்பத்தி மேலாண்மை மென்பொருள், எம்பெடட் (கருவிகளுக்குள் இயங்கும் மென்பொருள்) போன்றவற்றில் ஆலைகளுக்கு ஆள் தேவைப்படுகிறது. சம்பளம் சற்றுக் குறைவாக இருக்கலாம். தினமும் பொம்மசந்திரா நெரிசலில் போகும் நேரமும் எரிபொருளும் மிச்சமாவதைக் கழித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

கடைசியாக மனை. வங்கி உங்கள் சம்பளச் சீட்டைப் பார்த்துக் கடன் தகுதி சொல்லும். உங்கள் பிராஜெக்ட் மார்ச்சில் முடிகிறதே என்று அது கேட்காது, அதை நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். தவணையையும் சேர்த்து ஒன்பது மாதக் குடும்பச் செலவுக்கான பணம் வைப்பு நிதியாக இருந்தால் ஒழிய இந்த நேரத்தில் கடனில் இறங்காதீர்கள். வெறும் மனைக் கடனுக்கு, அதில் வீடு கட்டும்வரை, வருமான வரிச் சலுகையும் இல்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு, கிளையண்ட்டின் புதிய பில் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியது உறுதியாகும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். தை பிறந்தால் விலை ஏறிவிடும் என்று தரகர் அவசரப்படுத்தினால் ஏறட்டும் என்று விட்டுவிடுங்கள். மத்திகிரியில் இல்லாவிட்டால் பாகலூர்ப் பக்கம் மனை கிடைக்கும்.