அமுச்சிக்கு எண்பது, ஆடியில ஒரு தூரி

வீட்டுப் பெரியவங்களோட எண்பதாவது பிறந்தநாளை எப்படிக் கொண்டாடலாம்னு கேட்டிருக்கீங்க. எங்க அமுச்சிக்கு, அதாவது அம்மாவோட அம்மாவுக்கு, போன ஆடியில எண்பது முடிஞ்சுது. நாங்க செஞ்சதைச் சொல்றேன்.

ஊரு ஈரோடு மாவட்டத்துல அரச்சலூர்ப் பக்கம். ஆதார் அட்டையில அமுச்சி பொறந்த தேதி ஜனவரி 1னு இருக்குது. அது யாரோ போட்டுவிட்ட தேதி. நெசமாப் பொறந்தது ஆடி 18க்கு மூணு நாள் முந்தி. வருசத்துக்கு அவங்க வெச்சிருக்கற கணக்கு, பவானிசாகர் அணை கட்டி முடிச்சப்ப பத்து வயசு. அணை முடிஞ்சது 1955ல. அதனால ஆதார் தேதியை விட்டுட்டு ஆடியிலயே வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணினோம்.

உடனே சொந்தத்துல ரெண்டு பேச்சு வந்துச்சு. ஆடியில விசேஷம் வெக்கறதா, ஆவணிக்குத் தள்ளுங்கன்னு ஒண்ணு. அதைத் தாங்கிக்கலாம். இன்னொண்ணுதான் அம்மாவை அழ வெச்சுது: "அப்புச்சி இல்லாம எண்பதுக்கு என்னங்க விசேஷம்?" அப்புச்சின்னா அம்மாவோட அப்பா. அறுபதுக்கும் எண்பதுக்கும் தம்பதியா உக்கார வெச்சுத்தான் நம்ம பக்கம் செய்வாங்க. அப்புச்சி போனப்ப அமுச்சிக்கு 52 வயசு. அறுபதாங் கல்யாணம்னு ஒண்ணு அவங்களுக்கு நடக்கவே இல்லை. எண்பதையும் அப்படியே விட்டா எப்பத்தான் செய்யறது? எண்பது தாண்டுனவங்களை ஆயிரம் பிறை கண்டவங்கன்னு சொல்றோம். கண்டது அவங்க கண்ணு. புருசன் போயிட்டா நிலா மறைஞ்சுபோயிடுமா?

மண்டபம், பேனர், கேக்குன்னு நாங்க ஒரு பக்கம் பேசிட்டிருந்தோம். கடைசியாத்தான் அவங்ககிட்டயே கேட்டேன். "உங்களுக்கு என்ன வேணுமுங்க அமுச்சி?"

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "பெரியக்காளைப் பாக்கோணும் கண்ணு. முடிஞ்சா ஒரு தூரி கட்டுங்க"ன்னாங்க.

ஆடி நோம்பிக்குக் கட்டிக்குடுத்த பொண்ணுங்க பொறந்த ஊட்டுக்கு வருவாங்க, புளியமரத்துல தூரி, அதாவது ஊஞ்சல், கட்டி ஆடுவாங்க. அக்காளும் தங்கச்சியும் வருசா வருசம் அங்கதான் பாத்துக்குவாங்க. அண்ணன் காலமாகி, ஊட்டையும் வித்த பொறவு அது நின்னு போச்சு. பெரிய அமுச்சி இருக்கறது பொள்ளாச்சிப் பக்கம். 84 வயசு, முழங்கால் வலி. ஆறு வருசமா ரெண்டு பேரும் போன்லதான் பேசிக்கிட்டாங்க.

மாமா போயி கார்ல கூட்டிட்டு வந்தாரு. வாசல்ல இறங்குனதும் ரெண்டு பேரும் அழுவாங்கன்னு நெனச்சோம். பெரிய அமுச்சி தங்கச்சியோட மணிக்கட்டைத்தான் மொதல்ல புடிச்சுப் பாத்தாங்க. "எலும்பாப் போயிட்டயே, நல்லாச் சாப்புடறயா இல்லையா?"

காலையில சந்தகை, இடியாப்பம் மாதிரி. ஆவி பறக்கறப்பவே பிழியோணும், ஆறுனா இறங்காது. அத்தைங்க மாவு வெக்க வெக்க பேரன்மாருக ரெண்டு பேரா நின்னு அழுத்தினாங்க. தேங்காய்ப்பால், எலுமிச்சைச் சந்தகை, மத்தியானத்துக்கு அரிசிம்பருப்புச் சோறு, ஒப்புட்டு. மொத்தம் அறுபது பேர்தான். மைக் செட் வேண்டாம்னுட்டோம். வயசானவங்களுக்கு அந்தச் சத்தம் ஆகாது, பக்கத்துல உக்காந்து பேசவும் முடியாது. நீங்களும் இதை மட்டும் கவனிச்சுக்குங்க.

வேப்பமரத்துல வடக்கயிறு போட்டு, பலகை மேல பவானி ஜமக்காளத்தை மடிச்சு வெச்சிருந்தோம். பொறவால அப்பா புடிச்சுக்கிட்டாரு. அமுச்சி ரெண்டு கயித்தையும் இறுக்கிப் புடிச்சு உக்காந்தாங்க. பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருந்த பெரிய அமுச்சி, தங்கச்சி முட்டி மேல கைய வெச்சு லேசாத் தள்ளுனாங்க. ஒரு சாண் தூரம் போயிருக்கும், அவ்வளவுதான். "இன்னுங் கொஞ்சம் தள்ளக்கா"ன்னாங்க அமுச்சி. அவங்க அப்படிக் கேட்டு நான் ஒருநாளும் பாத்ததில்லை.

பெரிய அமுச்சி நாலு நாள் தங்கிட்டுத்தான் கெளம்புனாங்க.

இன்னொரு கணக்கும் இருக்குது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி இருபத்தொம்பதரை நாள். ஆயிரம் பௌர்ணமி ஆகறதுக்குக் கிட்டத்தட்ட 80 வயசும் 10 மாசமும் வேணும். அமுச்சிக்கு அது வைகாசியில வருது. அன்னைக்குப் பவானி கூடுதுறைக்கு, பவானியாறும் காவேரியும் சேர்ற எடத்துக்கு, கூட்டிட்டுப் போறோம். படியில இறங்க முடியாது, குடத்துல தண்ணி மொண்டாந்து மேலயே ஊத்திக்கலாம்னு பேசி வெச்சிருக்கோம். பெரிய அமுச்சியும் வர்றாங்க.