பையன் கையில் இருக்கும் கதைப் புத்தகத்தைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. பாடப் புத்தகத்தைத் தொடாமல் விண்வெளிக் கதை, ரோபோ கதை என்று அறிவியல் புனைகதையாகவே படிக்கிறான். கற்பனையையும் நிஜ அறிவியலையும் குழப்பிக்கொள்வானோ என்று பயமாக இருக்கிறது. நிறுத்தச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். அநேகமாக இதற்குள் புத்தகத்தைப் பிடுங்கி பீரோ மேல் வைத்திருப்பீர்கள். வைத்திருந்தால் இன்று ராத்திரியே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

நான் காரைக்குடியில் பேட்டரி கடை வைத்திருக்கிறேன். இன்வெர்ட்டர், கார், டிராக்டர் பேட்டரி விற்பது, சார்ஜ் போடுவது, எந்த செல் செத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வது, இதுதான் இருபத்தெட்டு வருஷமாக வேலை. படித்தது ஐ.டி.ஐ. அறிவியலைப் பற்றிப் பேச இவன் யார் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். எனக்கு அறிவியல் மேல் ஆசை வந்ததே ஒரு தொடர்கதையால்தான். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் கடந்து போக முடியவில்லை.

என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அந்த வீட்டு ஆச்சி வாரப் பத்திரிகைகளில் வரும் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, மைதா பசை போட்டு பைண்டு செய்து வைத்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வளவு என்கிற உள்முற்றத்துத் தாழ்வாரத்தில் ஆத்தங்குடிக் கல் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு படிப்பேன். சித்திரை வெயிலிலும் அந்தக் கல் சில்லென்று இருக்கும். "படிச்சுட்டு எடுத்த இடத்துல வச்சிரணும்" என்பது மட்டும்தான் ஆச்சி போட்ட கண்டிப்பு. அதில் ஒரு கதையில் தண்ணீரில் ஓடும் கார் வந்தது. டேங்கில் தண்ணீரை ஊற்றினால் கார் பறக்கும். நான் அதை அப்படியே நம்பினேன். நீங்கள் பயப்படுகிறீர்களே, அதே குழப்பம்தான்.

1985-ல் ஒன்பதாம் வகுப்பில் எங்களைச் செக்ரிக்குக் கூட்டிப் போனார்கள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: செக்ரி என்றால் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தது. அங்கே ஒரு கூடத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த விஞ்ஞானியிடம் நான் கையைத் தூக்கி, "தண்ணியில ஓடுற கார் எப்ப சார் வரும்?" என்று கேட்டுவிட்டேன். பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் முறைத்தார். அந்த விஞ்ஞானி மட்டும் சிரிக்கவில்லை. என்னை மேஜைப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார்.

இரண்டு கண்ணாடிக் குழாய்கள், கீழே தண்ணீர், அதில் சில துளி அமிலம். ஸ்விட்சைப் போட்டதும் பொடிப்பொடியாகக் குமிழிகள் மேலே ஏறின. ஒரு குழாயில் மற்றதைப் போல இரண்டு மடங்கு வாயு சேர்ந்தது. குறைந்த பக்கத்து வாயுவில் கனிந்துகொண்டிருந்த ஊதுபத்தியைக் காட்டினார், பளிச்சென்று தீ பிடித்தது. அதிகமான பக்கம் தீக்குச்சியைக் கொண்டுபோனார், 'டப்' என்று வெடித்தது.

"இது எரிஞ்சா என்ன வரும்?"

"தண்ணி சார்."

"அப்ப தண்ணிங்கிறது ஹைட்ரஜன் எரிஞ்சு முடிஞ்ச சாம்பல். உங்க வீட்டு அடுப்புச் சாம்பலைத் திரும்ப அள்ளிப் போட்டா சோறு வேகுமா?"

1.23 வோல்ட்டுக்குக் குறைவாகக் கொடுத்தால் தண்ணீர் பிரியாது, கொடுத்ததில் கொஞ்சம் சூடாகப் போய்விடும், திரும்ப வாங்கும்போது எப்போதும் குறைவாகத்தான் கிடைக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "கதை எழுதினவர் கரண்டு எங்கேருந்து வருதுன்னு எழுதியிருக்காரான்னு போய்ப் பாரு" என்றார்.

அன்று சாயங்காலமே போய்ப் பார்த்தேன். எழுதியிருந்தார்! காரின் கூரை முழுக்கக் கறுப்புத் தகடு பதித்திருந்ததாக ஒரு வரி. வெயிலை வாங்கும் தகடு. அதை ஏதோ அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்று எனக்குள் என்ன ஆயிற்று என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கதையிலும் கணக்கு உண்டு, தேடினால் கிடைக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பின்னால் தொழிலுக்கு வந்த பிறகு அந்தக் கணக்கையே போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்க, அதற்கு வேண்டிய சூட்டையும் சேர்த்து, 4.4 யூனிட் மின்சாரம் வேண்டும். கார் கூரையில் 2 சதுர மீட்டர் பேனல் போட்டால் நல்ல வெயில் நாளில் 2 யூனிட் வரும். அரை லிட்டர்கூடப் பிரியாது. அதில் கிடைக்கும் ஹைட்ரஜன் 50 கிராம். இன்றைய ஹைட்ரஜன் கார்கள் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஓடுகின்றன. அப்படியானால் 5 கிலோமீட்டர். காரைக்குடியிலிருந்து கோவிலூர் போய்ச் சேரலாம், திரும்பி வர மறுநாள் வெயில் வேண்டும்.

இந்த 'எவ்வளவு?' என்ற கேள்விதான் 1996-ல் எனக்குக் கைகொடுத்தது. தண்ணீரில் இலையைப் போட்டுக் காய்ச்சினால் பெட்ரோல் வரும் என்று ராமர் பிள்ளை சொன்னதை, மூலிகை பெட்ரோல் என்று தமிழ்நாடே பேசிய வருஷம். என் சித்தப்பா, ஏஜென்சி கொடுக்கப் போகிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி, தன் பங்கு வயலை விற்கத் தயாராகிவிட்டார். ஒரு லிட்டர் பெட்ரோலில் அறுநூறு கிராமுக்கு மேல் கரிதான் இருக்கிறது. தண்ணீரில் கரியே கிடையாது, ஒரு கைப்பிடி இலையில் அவ்வளவு கரி எங்கேயிருந்து வரும் என்று கேட்டேன். "ரெண்டு கதைப் புஸ்தகம் படிச்சுட்டு எனக்குப் பாடம் சொல்றியாடா" என்றார். வயல் விற்பது நின்றது. ஆனால் இரண்டு வருஷம் என்னோடு பேசவில்லை. இருபது வருஷம் கழித்து ராமர் பிள்ளை மேல் நடந்த மோசடி வழக்கில் நீதிமன்றம் தண்டனை கொடுத்தது. அன்றைக்குச் சித்தப்பா உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் அவரிடம் போய்ச் சொல்லிக்காட்டியிருக்க மாட்டேன்.

எல்லா அறிவியல் புனைகதையும் அறிவியலைப் பிசகில்லாமல் சொல்ல வேண்டும் என்று நான் வாதாடவில்லை. கதை படித்தவனெல்லாம் விஞ்ஞானி ஆவான் என்றும் சொல்லவில்லை. பின்னூட்டத்தில் அப்படி எழுதிக்கொண்டு வராதீர்கள். நான் சொல்வது, நல்ல கதை தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு அதை மீறாமல் நடக்கும். அதைப் படித்துப் பழகிய பையனுக்கு விதியை மீறும் செய்தி கண்ணில் உறுத்தும். கடைக்கு மாதம் இரண்டு பேராவது போனை நீட்டி, "ஒரு நிமிஷத்துல சார்ஜ் ஆகி நாப்பது வருஷம் உழைக்கிற பேட்டரி வந்துருச்சாமே, அதைப் போடுங்க" என்கிறார்கள். படித்தவர்கள்தான். ஆய்வகத்தில் பொத்தான் அளவு செல்லில் செய்து பார்த்ததற்கும் வீட்டு இன்வெர்ட்டருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதே நேரம் 2023 ஜனவரியில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜனுக்கு 19,744 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது. வெயிலாலும் காற்றாலும் வரும் மின்சாரத்தில் தண்ணீரைப் பிரிப்பது, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன். ஆச்சி பைண்டு செய்த கதையின் கறுப்புத் தகடுதான் இது, காரின் கூரைக்குப் பதிலாக ஏக்கர் கணக்கில். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு இருந்த சந்தோஷம் கடையில் யாருக்கும் புரியவில்லை.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆச்சி காலமான பிறகு அந்த வீட்டைப் பங்காளிகள் பிரித்து விற்றார்கள். பர்மாத் தேக்குத் தூணுக்கு விலை பேசினார்கள், நிலைக்கதவுக்கு, பெல்ஜியம் கண்ணாடிக்கு, மங்கு சாமானுக்கு, ஊறுகாய் ஜாடிக்குக்கூட விலை பேசினார்கள். நாற்பது வருஷம் அந்த அம்மா தைத்து வைத்த புத்தகங்கள் மட்டும் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போயின. செட்டிநாட்டு வீடு இடிகிறது என்று தூணுக்காக அழுது எழுதுகிறவர்கள் நிறையப் பேர். அந்தக் காகிதத்துக்காக ஒருவர் எழுதி நான் பார்த்ததில்லை. தகவல் தெரிந்து நான் ஓடிப்போனபோது பாதி மூட்டை பஜ்ஜிக் கடைக்குப் போய்விட்டது. மிச்சத்தைக் கிளறி, தண்ணீர் கார் கதையை மட்டும் எடுத்துவந்தேன். அட்டை கிழிந்து, கதையின் பெயரும் அதோடு போய்விட்டது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பையன் படிக்கிற கதையை நீங்களும் ஒன்று படியுங்கள். சாப்பிடும்போது, "அந்த விண்கலத்துக்கு எரிபொருள் எங்கேயிருந்து வருது, எவ்வளவு வேணும்?" என்று கேளுங்கள். தெரியாவிட்டால் அவனே தேடுவான், பாடப் புத்தகத்தையும் அப்போது திறப்பான். செப்டம்பர் 26, செக்ரியை நடத்தும் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாள். அந்தச் சமயத்தில் செக்ரியில் பள்ளிப் பிள்ளைகளைப் பார்வையிட விடுகிறார்களா என்று விசாரித்துக்கொண்டு அவனைக் கூட்டிவாருங்கள். வந்தால் அப்படியே என் கடைக்கும் வாருங்கள். அந்தப் புத்தகம் மேஜை டிராயரில்தான் இருக்கிறது, அவன் உட்கார்ந்து படிக்கட்டும். கடைசி இரண்டு வாரப் பகுதி மட்டும் அதில் இல்லை.