கேளுங்கள் டாக்டரம்மா: வயிற்றில் இருந்தபோது போட்ட ஊசியால்தான் பிள்ளைக்குச் சளி பிடிக்கிறதா?

கேள்வி: எனக்கு 30 வாரத்தில் வலி வந்துவிட்டது. குழந்தையின் லங்ஸ் வளர என்று சொல்லி 24 மணி நேர இடைவெளியில் 2 ஊசி போட்டார்கள். அப்புறம் வலி நின்று, 38 வாரத்தில் 2.7 கிலோ எடையில் மகள் பிறந்தாள். இப்போது 8 மாதம், எடை 7.4 கிலோ. இதுவரை 5 முறை சளி. ஒரு முறை மூச்சு இரைத்து 3 நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். “அது ஸ்டீராய்டு ஊசி, பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இருக்காது” என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்கள். மூத்தவன் எல்.கே.ஜி. போகிறான். மாமனார் திண்ணையில் பீடி குடிப்பார். தினமும் குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டுத்தான் தூங்க வைக்கிறேன். நான் தவறு செய்துவிட்டேனா?
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: இல்லை அம்மா. நீங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படியுங்கள்.

உங்களுக்குப் போட்டது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டாக இருக்கும். 12 மில்லிகிராம் வீதம் 2 முறை போடுவது அதைத்தான். அதே வகையைச் சேர்ந்த டெக்சாமெத்தசோன் என்றால் 6 மில்லிகிராம் வீதம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி போட்டிருப்பார்கள்.

நான் பயிற்சி மருத்துவராக இருந்த 1980களில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் இரவுப் பணி என்றால் ஒரு சத்தம் காதிலேயே இருக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல். நெஞ்சுக் குழி உள்ளே வாங்கும், மூக்கு விடைக்கும், உதடு நீலமாகும். நுரையீரலின் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்புப் பொருள் அந்தக் குழந்தைகளுக்கு இன்னும் ஊறியிருக்காது. எங்களிடம் ஆக்சிஜன் இருந்தது, வேறொன்றும் இல்லை. விடிவதற்குள் முனகல் நின்றுவிடும். வெளியே காத்திருக்கும் அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அந்த நடை இன்றும் எனக்கு மறக்கவில்லை.

இதில் என் மனதை அறுப்பது என்னவென்றால், அந்தப் பொருளை முன்கூட்டியே ஊறவைக்கும் இந்த ஸ்டீராய்டு மருந்து அப்போதே இருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் லிக்கின்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவ வலியைத் தொடங்கிவைப்பது எது என்று ஆடுகளிடம் ஆராய்ந்துகொண்டிருந்தார். கருவிலிருந்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தபோது, மூச்சுவிடவே முடியாத அளவு முன்கூட்டிப் பிறந்த குட்டி மூச்சுவிட்டது. 1969இல் அதை எழுதினார். குழந்தை மருத்துவர் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மார்களிடம் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார். ஆனால் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு, இதைப் பரவலாகக் கொடுக்க வேண்டும் என்று சொன்னது 1994இல். நடுவில் 22 ஆண்டுகள் போய்விட்டன. நம் நாட்டில் கிராமச் செவிலியரே முதல் டெக்சாமெத்தசோன் ஊசியைப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்ற வழிகாட்டுதல் 2014இல்தான் வந்தது.

இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய 5 நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. 34 வாரத்துக்கு முன் பிரசவமாகும் நிலையில் இருந்த 2,852 தாய்மார்கள். வெற்று ஊசி போட்டவர்களின் குழந்தைகளில் 23.5 சதவீதம் பிறந்த ஒரு மாதத்துக்குள் இறந்தன. டெக்சாமெத்தசோன் போட்டவர்களிடம் அது 19.6 சதவீதம். சுமார் 25 தாய்மார்களுக்குப் போட்டால் ஒரு குழந்தை பிழைக்கிறது. ஒரு ஊசியின் விலை சில ரூபாய். 30 வாரத்தில் வலியோடு வந்த உங்களுக்கு அன்றிருந்த மருத்துவர் அதைப் போடாமல் விட்டிருந்தால்தான் நான் கோபப்பட்டிருப்பேன்.

சரி, எதிர்ப்புச் சக்திக்கு வருவோம். பக்கத்து வீட்டார் பேச்சில் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே தைமஸ் என்று ஒரு சுரப்பி உண்டு. குழந்தையிடம் பெரிதாக இருந்து, வயதாக ஆகச் சுருங்கிவிடும். டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் கிருமி எது, நம் உடல் எது என்று பிரித்தறியப் பழகுவது அங்கேதான். பழகிக்கொண்டிருக்கும் இளம் அணுக்கள் ஸ்டீராய்டைத் தாங்காமல் மடியும். விலங்குகளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் தைமஸ் சுருங்குவதை ஆய்வகங்களில் பல முறை பார்த்திருக்கிறார்கள். மருந்து நின்றதும் மறுபடி வளர்கிறது. உங்களுக்குப் போட்ட ஊசி சில நாட்களில் உடலை விட்டுப் போயிருக்கும். அதற்குப் பிறகு உங்கள் மகள் 8 வாரம் உங்கள் வயிற்றிலேயே இருந்திருக்கிறாள். கிருமிகளுக்கு எதிரான உங்கள் ரத்தத்தின் புரதங்கள் நஞ்சுக்கொடி வழியாக அதிகமாக இறங்குவதும் அந்தக் கடைசி வாரங்களில்தான். அவள் அதையும் வாங்கிக்கொண்டுதான் பிறந்திருக்கிறாள்.

தாய்வானில் 2008 முதல் 2019 வரை பிறந்த ஏறத்தாழ 20 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை அலசி 2023இல் ஒரு கட்டுரை வந்தது. வயிற்றில் ஸ்டீராய்டு பெற்ற குழந்தைகளுக்கு முதல் ஓராண்டில் நிமோனியா, ரத்தத்தில் கிருமி, வயிற்றுப்போக்கு போன்ற கடுமையான தொற்றுகள் சற்று அதிகமாக வந்திருந்தன. இதைப் படிக்கும்போது ஒன்றை யோசிக்க வேண்டும். பனிக்குடம் முன்னதாக உடைந்தவர்கள், கிருமித் தொற்றால் வலி வந்தவர்கள், ரத்தக் கொதிப்பு ஏறியவர்கள் – இவர்களுக்குத்தான் அந்த ஊசி போடப்படுகிறது. கணக்கில் எவ்வளவு கவனமாகச் சரிசெய்தாலும், ஊசியின் பங்கு எவ்வளவு, ஊசி போடவைத்த காரணத்தின் பங்கு எவ்வளவு என்று முழுதாகப் பிரிக்க முடியாது. நான் அந்தக் கட்டுரையை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்கிறேன். வலி பொய்யா உண்மையா என்று பார்க்காமல், “எதற்கும் இருக்கட்டும்” என்று ஊசி போடுவதும், வாராவாரம் திரும்பத் திரும்பப் போடுவதும் கூடாது. இதை என் இளைய மருத்துவர்களிடம் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். ஆக்லாந்தில் அன்று வயிற்றில் ஊசி பெற்ற குழந்தைகளை 30 வயதில் தேடிப்பிடித்துப் பரிசோதித்தார்கள். ரத்தக் கொதிப்பிலும் கொழுப்பிலும் மற்றவர்களைவிட வித்தியாசம் இல்லை. சர்க்கரையைக் கையாளும் விதத்தில் மட்டும் லேசான மாற்றம் தெரிந்தது.

இப்போது உங்கள் கடிதத்தையே திரும்பப் படியுங்கள். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே முதல் ஆண்டில் 6 முதல் 8 முறை சளி பிடிக்கும். வீட்டில் எல்.கே.ஜி. பிள்ளை இருந்தால் இன்னும் கூடும். அவன் பள்ளியிலிருந்து கொண்டுவரும் சளி மூன்றாம் நாள் தங்கைக்கு வரும். 8 மாதத்தில் 7.4 கிலோ நல்ல எடை. எதிர்ப்புச் சக்தி உண்மையிலேயே இல்லாத குழந்தை பெரும்பாலும் இப்படி எடை ஏறாது. நான் கவலைப்படுவது வேறு குழந்தைகளைப் பார்த்து: ஓராண்டில் 2 முறை நிமோனியா வந்த குழந்தை, எடை நின்றுபோன குழந்தை, ஆழமான சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வரும் குழந்தை, அதே குடும்பத்தில் முன்பு ஒரு பிள்ளை கைக்குழந்தையாகவே தொற்றில் இறந்திருப்பது. சொந்தத்தில் கல்யாணம் என்றால் இன்னும் கவனமாகக் கேட்பேன்.

என் சந்தேகம் பீடிப் புகை மீதும் சாம்பிராணி மீதும்தான். சாம்பிராணியை இன்றே நிறுத்துங்கள். தலையைத் துணியால் துவட்டினாலே போதும். மாமனாரிடம் நீங்கள் சொல்லத் தயங்கினால், இந்தப் பக்கத்தை அவரிடம் கொடுங்கள். ஐயா, உங்கள் பேத்தியின் நெஞ்சுக்காகக் கேட்கிறேன், பீடியைத் தெருமுனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். வந்து சட்டை மாற்றிய பிறகு அவளைத் தூக்குங்கள்.

கேள்வி: எனக்கு லூபஸ். 5 மாதக் கர்ப்பம். தினமும் பிரட்னிசோலோன் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். குழந்தைக்காக நிறுத்திவிடலாமா?
– வாசகி, மதுரை.

பதில்: நிறுத்தவே கூடாது. மேலே சொன்ன ஊசிகளும் உங்கள் மாத்திரையும் ஒரே குடும்பம்தான், ஆனால் குழந்தையிடம் போய்ச் சேரும் அளவு வேறு. நஞ்சுக்கொடியில் ஒரு நொதி இருக்கிறது. பிரட்னிசோலோனின் பெரும்பகுதியை அது செயலிழக்கச் செய்துவிடும். பத்தில் ஒரு பங்கு அளவுதான் குழந்தைக்குப் போகும். டெக்சாமெத்தசோனையும் பீட்டாமெத்தசோனையும் அந்த நொதியால் தடுக்க முடியாது. குழந்தைக்கு மருந்து சேர வேண்டும் என்னும்போது அவற்றைப் போடுவது அதனால்தான். லூபஸ் என்பது எதிர்ப்புச் சக்தி நம் உடலையே தாக்கும் நோய்; மாத்திரையைத் திடீரென்று விட்டால் அது சீறிக்கொண்டு வரும், சிறுநீரகம் வரை போகும், குழந்தைக்கும் ஆபத்து. அளவைக் குறைப்பதா என்பதை உங்கள் மூட்டுநோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். சர்க்கரையையும் ரத்தக் கொதிப்பையும் தவறாமல் பாருங்கள்.

கேள்வி: எங்கள் மகன் 32 வாரத்தில் பிறந்தான். பிறக்கும் முன் ஸ்டீராய்டு ஊசி போட்டதால் தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும் என்று ஒரு உறவினர் சொல்கிறார்.
– ஒரு அப்பா, தஞ்சாவூர்.

பதில்: தள்ளிப்போடாதீர்கள். அந்த ஊசிக்காக எந்தத் தடுப்பூசியையும் ஒத்திவைக்கத் தேவையில்லை. பிறந்த தேதியிலிருந்தே கணக்கிட்டு 6, 10, 14 வாரங்களில் போடுங்கள். குறைமாதம் என்று 2 மாதத்தைக் கழிக்க வேண்டாம். கர்ப்பத்தில் தாய் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுத்திருந்தால் மட்டும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போடும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். 3 மாதத்துக்குள் காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, நெஞ்சுக் குழி உள்ளே வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் அந்த இரவிலேயே தூக்கிக்கொண்டு போங்கள்.