மினிட்ஸ் எழுதும் கையை முதலில் விடுவியுங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் துவாஸில் ஒரு தளவாட நிறுவனத்தில் செயல்பாட்டு மேலாளராக இருக்கிறேன். வயது 41. எனக்குக் கீழே 6 சூப்பர்வைசர்கள், இரண்டு ஷிப்டிலும் சேர்த்து 58 பேர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை 9.30 மணிக்கு மேலாளர் கூட்டம். மொத்தம் 11 பேரில் பெண்கள் இரண்டே பேர்: நானும் மனிதவளப் பிரிவில் இருக்கும் தோழியும். ஒரு வருடத்துக்கு மேலாக மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) எடுப்பது நான்தான். தீபாவளி லஞ்ச் ஏற்பாடும் என் தலையில்தான்.

எங்கள் இரவு ஷிப்டில் ஒரு லாரி சராசரியாக 70 நிமிடம் காத்து நிற்கிறது. பத்து மணிக்கு மேல் 5, 6ஆம் டாக்குகளை, அதாவது லாரிகள் சரக்கு ஏற்றி இறக்கும் மேடைகளை, ஏற்றுமதிக்கு மட்டும் ஒதுக்கினால் 45 நிமிடத்துக்குக் கொண்டுவரலாம். போன மாதம் ஒரு கூட்டத்தில், "சாரி, நான் தப்பாக்கூட சொல்லலாம், டாக் ஒதுக்கீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமோன்னு தோணுது" என்றேன். யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் கழித்துச் சக மேலாளர் ஒருவர் அதையே சொன்னார். இயக்குநர் "குட் பாயிண்ட்" என்றார்.

மூத்த மேலாளர் பதவி இரண்டாவது முறையாகக் கைநழுவிவிட்டது. ஏன் என்று கேட்டால், "உங்களுக்கு இன்னும் விசிபிலிட்டி வேணும்" என்கிறார் இயக்குநர். சத்தம் போட்டுப் பேச எனக்கு வராது. நாலு பேர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்க்கப்பட்டவள். என்ன செய்யட்டும்?
பெயர் வேண்டாம், செங்காங்.

பதில்: அன்புத் தோழிக்கு,

எங்களுக்கு எழுதிய கடிதத்தில் 70 நிமிடம் இருக்கிறது, 45 இருக்கிறது, எந்த டாக், எத்தனை மணிக்கு மேல் என்பதுவரை இருக்கிறது. கூட்டத்தில் பேசிய வாக்கியத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மன்னிப்பு இருக்கிறது, "கொஞ்சம்" இருக்கிறது, "தோணுது" இருக்கிறது. சக மேலாளர் செய்தது சரியில்லைதான், அதற்குப் பிறகு வருகிறோம். சத்தம் போட வரவில்லை என்ற கவலையை மட்டும் இப்போதே விடுங்கள். உங்கள் சிக்கல் சத்தத்தில் இல்லை. அறைக்குள் போகுமுன் செய்ய வேண்டிய வேலையிலும் முதல் வாக்கியத்திலும் இருக்கிறது.

வாக்கியத்திலிருந்தே தொடங்குவோம். உங்கள் எண்களை வைத்தே எழுதினால் இப்படி வரும்: "இரவு ஷிப்டில் லாரி சராசரியாக 70 நிமிடம் நிற்கிறது. பத்து மணிக்கு மேல் 5, 6ஆம் டாக்குகளை ஏற்றுமதிக்கு மட்டும் விட்டால் 45க்குக் கொண்டுவர முடியும். நான்கு வாரம் சோதித்துப் பார்க்க இன்று அனுமதி வேண்டும்." நிலைமை, வழி, கேட்பது என்ன. இருபது விநாடிகூட ஆகாது. கூட்டத்தில் நீங்கள் பேசும் மொழியில் இதை மாற்றி, போனில் தட்டி வையுங்கள். ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறி துவாஸ் லிங்க் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து தடவை திருத்திவிடலாம்.

சொல்லி முடித்ததும் வாயை மூட வேண்டும். நல்ல வாக்கியங்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். எதிரில் இருப்பவர்கள் யோசிக்கும் மூன்று நான்கு விநாடி அமைதியைத் தாங்க முடியாமல், "இல்ல, கஷ்டமா இருந்தா பரவாயில்ல, அப்புறம் பார்க்கலாம்" என்று பேசியவரே தன் யோசனையைத் திரும்ப எடுத்துக்கொள்வார். மேசைக்கு அடியில் ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்குங்கள். அதற்குள் யாராவது கேள்வி கேட்பார்கள். கேள்வி வந்தால் யோசனை பிழைத்தது என்று அர்த்தம்.

இன்னொரு பழக்கம் தமிழ் பேசும் நமக்கே உரியது. "ரோஸ்டர் போட்டாச்சு", "பிரச்சினை முடிஞ்சிடுச்சு" என்கிறோம். வேலை நடந்திருக்கிறது, செய்தவர் யாரென்று வாக்கியத்தில் இல்லை. வீட்டில் அது பணிவு. அதே பழக்கத்தில் அலுவலகத்தில் "இட்ஸ் டன்" என்று மின்னஞ்சல் போட்டால், வேலை தானாக நடந்ததாகவே மேலே இருப்பவர் நினைத்துக்கொள்வார். "நாங்க பண்ணோம்" என்பதும் பாதி மறைப்புதான். கூட்டு உழைப்பைச் சொல்லும்போது "நாங்கள்" என்று சொல்லுங்கள். முடிவெடுத்தவர் நீங்கள் என்றால் "நான்" என்று சொல்லுங்கள். "புது ரோஸ்டரை நான் வடிவமைத்தேன், சூப்பர்வைசர்கள் மூன்று வாரத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்." இதில் தற்பெருமை எங்கே இருக்கிறது? நடந்தது நடந்தபடி இருக்கிறது, அவ்வளவுதான்.

இனி கூட்டத்துக்கு முந்தைய வேலை. வியாழக்கிழமையே நிகழ்ச்சி நிரலில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். "டாக் ஒதுக்கீடு: நான்கு வாரச் சோதனைக்கு அனுமதி" என்று தலைப்பிலேயே கேட்பது தெரிய வேண்டும். நிரலில் பெயர் இருந்தால் குறுக்கே பேச வேண்டிய அவசியமே இல்லை. நீங்கள் வளர்ந்த விதத்துக்கும் பங்கமில்லை. வெள்ளிக்கிழமை இரண்டு பேரைத் தனித்தனியாகப் பாருங்கள்: இந்த மாற்றத்தால் ஆதாயம் அடைபவர் ஒருவர், இடைஞ்சல் அடைபவர் ஒருவர். உங்கள் விஷயத்தில் இரண்டாமவர் இறக்குமதிப் பக்கத்தைப் பார்ப்பவராக இருப்பார். ஒரு கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) வாங்கிக் கொடுத்து, "இதில் உங்களுக்கு எங்கே இடிக்கும்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் எதிர்ப்பைத் திங்கட்கிழமை நீங்களே பதிலோடு சொல்லிவிடலாம். முடிவுகள் பாதி காப்பிக்கடையிலேயே ஆகிவிடுகின்றன, கூட்டத்தில் அவற்றுக்கு முத்திரை குத்துகிறார்கள். ஆண்கள் பலர் இதைப் புகை பிடிக்கப் போகும் இடத்தில் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள்.

கூட்டம் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று பேசிவிடுங்கள், ஒரு கேள்வியாவது. காத்திருக்கக் காத்திருக்க வாய் கனக்கும். இயக்குநர் நேரில் அமர்ந்திருக்கும் நாளில் டீம்ஸ் வழியாகச் சேராதீர்கள், அறைக்கே போங்கள். திரையில் இருப்பவரை மறப்பது எல்லோருக்கும் எளிது.

சரி, யோசனையை மறுபடியும் யாராவது தூக்கிக்கொண்டு போனால்? அவர் பெயர் மார்க்கஸ் என்று வைத்துக்கொள்வோம். "நன்றி மார்க்கஸ். நான் சற்று முன் சொன்ன டாக் ஒதுக்கீட்டுக்கு ஆதரவு கிடைத்தது மகிழ்ச்சி. அடுத்த படி என்னவென்றால்..." என்று தொடருங்கள். நன்றி, உரிமை, அடுத்த படி, இந்த வரிசை முக்கியம். அடுத்த படி இல்லாமல் "நான்தானே சொன்னேன்" என்று நிறுத்தினால் பேச்சு சண்டையாகிவிடும், எண்களை எல்லோரும் மறந்துவிடுவார்கள். இடைமறித்தால், "ஒரு நிமிடம் மார்க்கஸ், இந்த வாக்கியத்தை முடித்துவிடுகிறேன்." பெயரைச் சொன்னால் போதும், குரலை ஏற்ற வேண்டாம்.

இதைத் தனியாளாகச் செய்யவும் வேண்டாம். ஒபாமா அதிபராக இருந்தபோது வெள்ளை மாளிகைப் பெண் அதிகாரிகள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். ஒருவர் நல்ல கருத்தைச் சொன்னதும் இன்னொருவர் அவர் பெயரைச் சொல்லி அதையே திரும்பச் சொல்வார். கருத்தை யார் சொன்னார்கள் என்பது அறையில் பதிந்துவிடும். உங்கள் மனிதவளத் தோழியோடு இன்றே பேசி வையுங்கள். இருவரும் அவ்வப்போது ஆண் சக மேலாளர்களின் நல்ல கருத்துக்கும் இதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் அது கூட்டணி என்று பெயர் வாங்கிவிடும்.

இப்போது மினிட்ஸ். நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் சொன்ன இதைத்தான் நாங்கள் முக்கியமாக நினைக்கிறோம். எழுதிக்கொண்டிருப்பவர் தலை குனிந்திருக்கிறது, கை ஓடுகிறது, காது அடுத்தவர் வாக்கியத்தில் இருக்கிறது. அவர் எப்போது பேசுவார்?

அமெரிக்க ஆய்வாளர்கள் லிண்டா பாப்காக், லீஸ் வெஸ்டர்லுண்ட் உள்ளிட்டோர் 2017இல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். மூன்று பேர் கொண்ட குழு, இரண்டு நிமிடம். யாராவது ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியவருக்கு 1.25 டாலர், மற்ற இருவருக்கும் தலா 2 டாலர். யாருமே அழுத்தாவிட்டால் ஆளுக்கு 1 டாலர்தான். ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் பெண்களே அதிகமாக அழுத்தினார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் ஆண்கள், பெண்கள் மட்டும் இருந்தவற்றில் பெண்கள் அழுத்தியதற்கு இணையாகவே அழுத்தினார்கள். ஆக, இது பெண்களின் சுபாவம் இல்லை. "எப்படியும் அவள் செய்வாள்" என்று அறையில் உள்ள எல்லோரும், அவளும் சேர்த்து, எதிர்பார்ப்பதுதான் காரணம்.

மினிட்ஸ் வேலையைக் கைகழுவும் முறை இது. இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: "ஒரு வருடத்துக்கு மேல் மினிட்ஸ் எடுத்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் பெயர் அகரவரிசையில் சுழற்சி வைக்கலாம். பட்டியலை இணைத்திருக்கிறேன்." 11 பேர் என்றால் ஒருவருக்கு 11 வாரத்துக்கு ஒரு முறைதான் வரும். காரணம் விளக்க வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். இரண்டு இடத்தில் இது சொதப்பும். ஒன்று, அந்த வேலை சத்தமில்லாமல் உங்கள் தோழியின் மடியில் போய் விழும். அகரவரிசைப் பட்டியல் அதற்காகத்தான். இரண்டாவது, அடுத்தவர் மினிட்ஸை அரைகுறையாக எழுதுவார், உங்களுக்குக் கை துறுதுறுக்கும். விட்டுவிடுங்கள், அரைகுறையாகவே இருக்கட்டும். உங்கள் விஷயத்துக்கு மட்டும் அன்று மாலைக்குள் நான்கு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள்: என்ன முடிவானது, யார் செய்கிறார், எந்தத் தேதிக்குள், அடுத்து எப்போது அறிக்கை. அதிகாரம் அந்த நான்கு வரியில் இருக்கிறது, பத்துப் பக்க மினிட்ஸில் இல்லை. தீபாவளி பிரியாணிக்கு ஆளுக்கு 15 வெள்ளியைப் பேநவ் பணப்பரிமாற்றத்தில் வசூலிக்கும் வேலையையும் இந்த வருடம் வேறு யாராவது செய்யட்டும்.

"விசிபிலிட்டி வேணும்" என்ற பதிலை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது மூடுபனி மாதிரி, அதை வைத்து யாரும் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. முப்பது நிமிடம் நேரம் கேட்டு, மூன்று கேள்விகளோடு போங்கள்: பதவி உயர்வை முடிவு செய்யும் கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள்? அவர்களில் என் வேலையைப் பற்றித் தெரியாதவர் யார்? ஆறு மாதத்தில் நான் எதைச் செய்து காட்டினால் "இல்லை" என்பது "ஆம்" ஆகும்? பதிலை அன்றே எழுதி அவருக்கு அனுப்பிவிடுங்கள். மதிப்பீட்டுக்கு நாலு மாதம் முன்பாவது இதைச் செய்ய வேண்டும். மதிப்பீட்டுப் படிவம் கைக்கு வரும்போது பட்டியல் பெரும்பாலும் முடிவாகியிருக்கும். அந்த அறையில் நீங்கள் இருக்கப்போவதில்லை, உங்களுக்காக ஒருவர் வாய் திறக்க வேண்டும். அறிவுரை சொல்கிறவர் வேறு, அங்கே உங்கள் பெயரைச் சொல்கிறவர் வேறு. அந்த இரண்டாமவருக்கு மாதம் ஒரு முறை ஐந்து வரியில் எண்களோடு தகவல் போய்க்கொண்டே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் பதவி மறுக்கப்பட்டு, "குடும்பப் பொறுப்பு இருக்கிறவர், சமாளிப்பாரா" போன்ற பேச்சு காதில் விழுந்தால், அது வேறு விவகாரம். தேதி, சொன்னவர், சொன்ன வார்த்தை மூன்றையும் குறித்து வையுங்கள். முதலில் நிறுவனத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள், அங்கே பலிக்காவிட்டால் நியாயமான வேலைவாய்ப்பு நடைமுறைகளைக் கவனிக்கும் டாஃபெப் அமைப்பை அணுகலாம். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வகைசெய்கிறது; அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பதவி உயர்வும் அதில் அடங்கும். கூட்டத்தில் கருத்தைத் திருடியதற்கெல்லாம் அங்கே போக முடியாது.

பயிற்சிக்கு ஓர் இடம் வேண்டுமென்றால், மேடைப்பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்கள் இங்கே தமிழிலேயே நடக்கின்றன. அங்கே "டேபிள் டாபிக்ஸ்" என்ற பகுதியில் அந்த நிமிடமே கொடுக்கும் தலைப்பில் ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்டுவார்கள். நீங்கள் எத்தனை முறை "ஆ", "வந்து" என்று இழுத்தீர்கள் என்று எண்ணிச் சொல்லவும் ஒருவர் இருப்பார். முதல் முறை விருந்தினராகப் போய்ச் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். பேசச் சொல்லிக் கூப்பிட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.