நேட்டாலில் பிறந்த பாட்டனின் வேர்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பாட்டனார் 1893இல் தென்னாப்பிரிக்காவில் நேட்டாலின் டர்பன் நகரில் பிறந்தவர். தாய் தகப்பன் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். கப்பல் பட்டியல்களில் பாட்டனார் பெயர் இல்லையே, ஐயா?

பதில்: இருக்காது. அங்கே பிறந்த பிள்ளை கப்பலேறி வரவில்லை அல்லவா? பட்டியலில் தேட வேண்டியது அவருடைய தாய் தகப்பனை. 1860 நவம்பர் 16இல் 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நின்றது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகள் இறங்கினார்கள்; பட்டியலில் ஆளுக்கு ஒரு எண், அதுதான் காலனி எண். அந்த எண்தான் சாவி. பாட்டனாரின் இறப்பு அறிவிப்பிலிருந்து தொடங்குங்கள். இறந்தவரின் சொத்தைத் தீர்க்கத் திறந்த கோப்பு இருந்தால் அதோடு சேர்ந்திருக்கும். பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் எல்லாம் இறப்பு அறிவிப்பில் கேட்டிருப்பார்கள். ஆனால் சொன்னவர் மகனோ மருமகனோ. தாத்தா பாட்டி பெயரைத் தப்பாகச் சொல்லியிருக்கலாம். அதனால் திருமணப் பதிவு, பிறப்புப் பதிவு இரண்டோடும் ஒத்துப் பாருங்கள்.

கேள்வி: அண்ணன் தம்பிக்கே குடும்பப் பெயர் வேறு வேறாக இருக்கிறது. ஒரே குடும்பம்தானா?

பதில்: பெரும்பாலும் ஆம். நம் வழக்கில் தகப்பன் பெயர் முன்னெழுத்து. அங்கே பதிவேட்டில் 'குடும்பப் பெயர்' என்றொரு கட்டம் நிரப்ப வேண்டும். எழுத்தர் ஒரு பிள்ளைக்குத் தகப்பன் பெயரையும் இன்னொரு பிள்ளைக்குச் சாதிப் பட்டத்தையும் எழுதிவிடுவார். காதில் விழுந்தபடி எழுதியதால் முனுசாமி 'மூன்சாமி' ஆனார், கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். ஒரே எழுத்துக்கூட்டலைப் பிடித்துக்கொண்டு தேடுவதுதான் பலரும் தோற்கும் இடம். பெயர், தகப்பன் பெயர், வயது, கப்பல் என நான்கில் குறைந்தது மூன்று பொருந்தினால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். வயது குத்துமதிப்பு, நாலைந்து வருடம் தள்ளி இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: கப்பல் பட்டியலில் மாவட்டம் 'வட ஆற்காடு' என்று இருக்கிறது. வேலூர்ப் பக்கம் தேடினால் போதுமா?

பதில்: போதாது. சித்தூர் மாவட்டம் 1911இல்தான் உருவானது. அதற்கு முன் சித்தூர் வட ஆற்காட்டில் இருந்தது. உங்கள் ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். பழைய செங்கல்பட்டு என்றால் இன்றைய காஞ்சிபுரம், திருவள்ளூரையும் சேர்த்துப் பாருங்கள். தாலுகாவை முதலில் உறுதிசெய்யாமல் ஊர்ப்பெயரைத் தேட வேண்டாம். புதுப்பாளையங்கள் பல உண்டு.

கேள்வி: பாட்டியும் அதே ஊர்தானே?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள், அம்மா. பெண்ணுக்கும் பட்டியலில் தனி எண், தனிப் பதிவு. பலர் அங்கே போய்த்தான் மணந்தார்கள். பாட்டியின் தகப்பன் பெயரைக் கொண்டு தனியாகத் தேடுங்கள்.

கேள்வி: தாத்தாவின் தகப்பனார் எந்தப் பட்டியலிலும் கிடைக்கவில்லை.

பதில்: அவர் கூலியாகப் போனவர் என்பது உறுதியில்லை என்றால், சொந்தச் செலவில் பயணச்சீட்டு எடுத்துப் போன வணிகராக இருக்கலாம். கூலிப் பட்டியலில் அவர்கள் வரமாட்டார்கள்.