பத்தாவது முடிச்ச பொண்ணு அரசியல் அறிவியல் எடுக்கலாமா?

கடலூர் முதுநகர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு ஒண்ணாவதுல இருந்தே அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், பத்தாவதுல 431 எடுத்திருக்கா. ப்ளஸ் ஒன்ல அரசியல் அறிவியல் இருக்கிற குரூப்தான் வேணும், வக்கீல் ஆகணும், இல்லன்னா கலெக்டர் ஆகணும்னு பிடிவாதமா நிக்கிறாளாம். இவ்ளோ மார்க் வாங்கிட்டு ஆர்ட்ஸ் குரூப்பான்னு சொந்தக்காரங்க கேக்கறாங்க, அப்பாவுக்கு பொண்ணு கட்சி கொடின்னு போயிடுவாளோன்னு பயம், இதுக்கு நடுவுல ஒருத்தர் வீட்டுக்கே வந்து பாண்டிச்சேரியில சிபிஎஸ்இ ஸ்கூல்ல சேத்து விடறேன், கூடவே ஐஏஎஸ் கோச்சிங், ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணே முக்கால் லட்சம், இந்த வாரமே முப்பதாயிரம் அட்வான்ஸ் கட்டுங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்காராம்.

அம்மா, முதல்ல அந்த முப்பதாயிரத்தைக் கட்டாதீங்க. மத்ததை அப்புறம் பேசுவோம்.

இந்தப் பாடத்தை நான் முப்பது வருஷமா நடத்தியிருக்கேன். இதுக்கும் கட்சிக்கும் சம்பந்தமே இல்லைன்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட தைரியமா சொல்லுங்க. ப்ளஸ் ஒன்ல அரசுன்னா என்ன, இறையாண்மைன்னா என்ன, சுதந்திரம், சமத்துவம், பிளாட்டோ, அரிஸ்டாட்டில், மார்க்ஸ்னு போகும், ப்ளஸ் டூல நம்ம அரசியலமைப்பு, நாடாளுமன்றம், நீதிமன்றம், மத்திய மாநில உறவு, வெளியுறவுன்னு போகும். நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு இதைப் புரிய வைக்கிறது ரொம்ப ஈஸி, ஏன்னா பாதிப் பாடம் ரோட்டுலயே இருக்கு. கடலூர்-பாண்டிச்சேரி எல்லையில இருக்கிற முள்ளோடையை பஸ் தாண்டினதும் சட்டம் மாறிடுது. இந்தப் பக்கம் மாநிலம், கவர்னர். அந்தப் பக்கம் யூனியன் பிரதேசம், துணைநிலை ஆளுநர், மக்கள் ஓட்டுப் போட்டு வர்ற எம்எல்ஏ 30 பேர், அதுக்கு மேல நியமன எம்எல்ஏ 3 பேர். அந்த 3 பேரை அங்க இருக்கிற அரசாங்கத்தைக் கேக்காமலே மத்திய அரசு போடலாம்னு 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு. அங்க 2006-ல உள்ளாட்சித் தேர்தல் நடந்துச்சு, அதுக்கப்புறம் பல வருஷம் நடக்கவே இல்ல. ஏன் அப்படின்னு ஒரு பிள்ளை வகுப்புல எழுந்து கேட்டா அன்னிக்குத்தான் எனக்கு சாப்பாடே இறங்கும்.

மார்க் பயமும் வேண்டாம். எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10, மொத்தம் 100. புரிஞ்சு எழுதற பிள்ளை நல்லாவே வாங்கலாம். அரசுப் பள்ளியில புத்தகம் இலவசம், அது போதும். கடையில விக்கிற கைடையும் முக்கிய வினாக்கள்னு ஜெராக்ஸ் கடையில தொங்குறதையும் வாங்கி அதை மட்டும் மனப்பாடம் பண்ற பிள்ளைதான் ஒரு மார்க் கேள்வியிலயே விழும், ஏன்னா அது பாடத்தோட உள்ள இருந்து வரும்.

பிரச்சனை எங்கன்னா ஸ்கூல் கிடைக்கிறதுலதான். இந்தப் பாடம் எல்லா மேல்நிலைப் பள்ளியிலயும் இல்ல. வரலாறு குரூப் இருக்கும், ஆனா அதுல நாலாவது பாடம் கணக்குப்பதிவியலா இருக்கும். சில இடத்துல பேருக்கு இருக்கும், நடத்த ஆள் இருக்காது, வரலாறு டீச்சர்தான் சேத்துப் பாப்பாங்க. டீச்சர் இல்லாததால பிள்ளைங்க சேர்றதில்ல, பிள்ளைங்க சேராததால குரூப்பையே மூடறாங்க, மூடிட்டு இந்தப் பாடத்துக்கு ஆர்வமே இல்லன்னு ரிப்போர்ட் எழுதறாங்க. எத்தனை மீட்டிங்ல எழுந்து கேட்டிருக்கேன், தலையாட்டுவாங்க, அவ்ளோதான். அதோட 431 எடுத்த பிள்ளையைப் பாத்ததும் சயின்ஸ் குரூப்ல போடுன்னு ஸ்கூலே தள்ளும், அதுக்கு நீங்க அசைஞ்சு கொடுக்காதீங்க. கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டின்னு நாலு அரசுப் பள்ளிக்கு நேர்ல போய், அரசியல் அறிவியல் இருக்கா, ஆசிரியர் இருக்காரான்னு ரெண்டு கேள்வியையும் தனித்தனியா கேளுங்க. எங்கயுமே கிடைக்கலன்னா சாதாரண வரலாறு குரூப்பே எடுக்கட்டும், சட்டம் படிக்க அதுவே போதும்.

இப்போ அந்த பாண்டிச்சேரி ஆளு விஷயம். இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க, வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டுங்க, ஏன்னா எந்த புரோக்கரும் இதை உங்ககிட்ட சொல்ல மாட்டான்.

தமிழ்நாட்டு அரசு வேலையில தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் இடம் தனியா இருக்கு. 2010-ல வந்த சட்டம். முன்னாடி கடைசி டிகிரியை மட்டும் தமிழ்ல படிச்சிட்டு நிறைய பேர் உள்ள வந்தாங்க, அதனால 2020-ல திருத்தினாங்க. இப்போ ஒண்ணாவதுல ஆரம்பிச்சு அந்த வேலைக்குக் கேக்கற படிப்பு வரைக்கும் முழுக்க தமிழ் மீடியமா இருக்கணும், நடுவுல ஒரு வருஷம் அறுந்தாலும் போச்சு. உங்க பொண்ணு பத்து வருஷம் அந்த நூலை அறுக்காம கொண்டு வந்திருக்கா. பாண்டிச்சேரி அரசுப் பள்ளியே 2023-ல இருந்து சிபிஎஸ்இக்கு மாறியாச்சு, பாடம் இங்கிலீஷ்ல. அங்க போய் ப்ளஸ் ஒன் சேர்ந்த அன்னிக்கே, தமிழ்நாட்டு அரசு வேலைக்கு டிஎன்பிஎஸ்சி நடத்தற குரூப் 1, குரூப் 2 தேர்வுக்கான அந்த 20 சதவீதம் அவளுக்கு இல்ல. குரூப் 4-க்கு மட்டும் தப்பிக்கும், ஏன்னா அதுக்குக் கேக்கறது பத்தாவதுதான், பத்தாவது வரைக்கும் தமிழ்ல படிச்சிட்டா. ஆனா குரூப் 1-ல இந்த ஒதுக்கீட்டுல டெபுடி கலெக்டர் ஆகணும்னா டிகிரியும் தமிழ் வழியில இருக்கணும். அப்போ சட்டம் படிச்சா? அதை இங்கிலீஷ் மீடியத்துல படிச்சா டிகிரி கேக்கற வேலைக்கு இந்த ஒதுக்கீடு வராது. அதனாலதான் சொல்றேன், வக்கீலா கலெக்டரான்னு அவ இப்போவே முடிவு பண்ண வேண்டியதில்ல, ஆனா ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியத்துல இருந்தா ரெண்டு கதவும் திறந்தே இருக்கும், இப்போ மாத்தினா ஒண்ணை நாமளே சாத்தின மாதிரி.

இன்னும் ரெண்டு இருக்கு. ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்சா, 2021 சட்டப்படி சட்டப் படிப்புலயும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அப்புறம் புதுமைப் பெண் திட்டத்துல காலேஜ் போறப்போ மாசம் 1000 ரூபாய். ஆறுல இருந்து பத்து வரைக்கும் படிச்சிட்டேனேன்னு அப்போ போய் கெஞ்ச முடியாது. ஒண்ணே முக்கால் லட்சத்தை நீங்க கொடுத்து, இதையெல்லாம் விட்டுட்டு வர்றதுக்குப் பேரு என்னம்மா?

அந்த ஐஏஎஸ் கோச்சிங்கும் அப்படித்தான். யூபிஎஸ்சி எழுத 21 வயசு ஆகணும், ஏதாவது ஒரு டிகிரி வேணும். உங்க பொண்ணுக்கு இப்போ 15. பரீட்சைக்கு ஆறு வருஷம் இருக்கறப்போ கோச்சிங்னு காசு வாங்கறவன் கோட்டு போட்ட போட்டோவைத்தான் விக்கிறான். தினம் தமிழ்ப் பேப்பர் ஒண்ணு முழுசா படிக்கட்டும், இங்கிலீஷ்ல தினம் ஒரு பக்கம் எழுதட்டும், இந்த வயசுக்கு அதுதான் கோச்சிங். நம்ம பிள்ளைங்க சறுக்கற இடம் இங்கிலீஷ்தான், அதுக்கு மீடியத்தை மாத்தணும்னு இல்ல.

சட்டக் கல்லூரிக்கும் புரோக்கர் வருவான், இப்போவே சொல்லி வைக்கிறேன். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரியில அஞ்சு வருஷ படிப்புக்கு ப்ளஸ் டூ மார்க்தான், எந்த குரூப்னாலும் சரி, நுழைவுத் தேர்வு இல்ல. நமக்கு பக்கம் விழுப்புரம். கிளாட்னு ஒரு பரீட்சை இருக்கு, அது திருச்சியில இருக்கிற தேசிய சட்டப் பல்கலைக்கழகம் மாதிரி இடத்துக்கு, எழுத முடிஞ்சா எழுதட்டும். ஆனா வகுப்புக்கே போக வேண்டாம், பக்கத்து மாநிலத்துல டிகிரி வாங்கித் தர்றேன்னு எவனாவது சொன்னா கதவைச் சாத்துங்க. என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் அப்படி வாங்கிட்டு வந்தான், வயலை வித்துக் கொடுத்த காசு. அந்தப் பேப்பரை வச்சு அவனால கடைசி வரைக்கும் வக்கீலா பதிவு பண்ண முடியல. அவங்க அப்பா என் வீட்டுத் திண்ணையில உக்காந்து அழுதது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

நாளைக்கு பழைய ஸ்கூலுக்கு டிசி வாங்கப் போறப்போ ஹெச்.எம். கிட்ட தமிழ் வழியில படிச்சதுக்கான சான்றிதழையும் சேத்துக் கேளுங்க. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் வேற ஸ்கூல்ல படிச்சிருந்தா அங்கயும் போய் வாங்கணும். எந்த வகுப்புல இருந்து எந்த வகுப்பு வரைக்கும்னு தெளிவா இருக்கணும், கையெழுத்தும் முத்திரையும் இருக்கான்னு அங்கயே நின்னு பாருங்க. டீச்சர் வாய்ல சொன்னது போதாது. அப்புறம் ஏழெட்டு வருஷம் கழிச்சு அந்த ஹெச்.எம். எங்க இருப்பாரோ, பழைய ரிஜிஸ்டர் எந்த அலமாரியில கிடக்குமோ.