சட்டையைக் கழற்றத் தயங்கும் தம்பிக்கு

கேள்வி: எனக்கு வயது 26. உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். மதுரை விளக்குத்தூண் பகுதியில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை. ஒன்பதாவது படிக்கும்போதிருந்தே எனக்கு மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல் எடுப்பாக இருக்கிறது. கிணற்றில் குளிப்பதை அப்போதே விட்டுவிட்டேன். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போனாலும் சட்டையைக் கழற்றாமல் ஓரமாக நின்றுவிடுவேன். வெயில் காலத்திலும் சட்டைக்குள் இரண்டு பனியன். ஜிம்முக்குப் போய் உடம்பைக் குறைத்தேன். தொப்பை போனது, மார்பு போகவில்லை. அங்கே ஒருவர் கொடுத்த மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட்டேன். அதன் பிறகு காம்புக்குப் பின்னால் வலி எடுத்து, இன்னும் கொஞ்சம் பெரிதானது. மாத்திரையை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது வீட்டில் பெண் பார்க்கிறார்கள். ஒரு கிளினிக்கில், தழும்பே இல்லாமல் முக்கால் மணி நேரத்தில் ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம், இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். செய்துகொள்ளலாமா? திரும்ப வருமா? எனக்கு ஆண்மைக் குறைவு ஏதும் இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: தம்பி, இந்த மாதம் பணம் கட்டாதீர்கள். ஆபரேஷனே வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு ஆபரேஷன்தான் தீர்வாக இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் தேதி கொடுக்கிற இடம் எதுவானாலும் அங்கே போய்ப் படுக்க வேண்டாம்.

உங்கள் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இதற்கு மருத்துவத்தில் கைனகோமாஸ்டியா என்று பெயர். ஆணுக்கும் மார்பில் கொஞ்சம் சுரப்பித் திசு பிறவியிலேயே உண்டு. ஆண் உடம்பிலும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கொஞ்சம் ஓடுகிறது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறி நிலைப்பதற்குள் ஈஸ்ட்ரோஜனின் கை சற்று ஓங்கினால் அந்தத் திசு வளர்ந்துவிடும். பருவ வயதுப் பையன்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது ஓரளவு வருகிறது. பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்குள் தானாக வடிந்துவிடும். உங்களைப் போல் சிலருக்கு வடியாமல் தங்கிவிடுகிறது. உங்களோடு ஒன்பதாவது படித்தவர்களிலேயே இன்னும் சிலர் இரண்டு பனியன் போட்டிருந்திருக்கலாம். அவர்களும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். மார்பு பெரிதாக இருப்பதாலேயே ஒருவருக்கு ஆண்மை குறைந்துவிடாது, குழந்தை பிறப்பதும் தடைப்படாது. மிகச் சிலருக்கு மட்டும், மார்பு வளர்ந்ததற்கும் விந்தணு குறைந்ததற்கும் ஒரே காரணம் இருக்கும். பரிசோதனை செய்யச் சொல்வது அந்தச் சிலரில் நீங்கள் இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான்.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். மல்லாந்து படுத்துக்கொண்டு, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு பக்கமும் வைத்து, காம்பை நோக்கி மெதுவாக நெருக்கிக்கொண்டே வாருங்கள். காம்புக்கு நேர் பின்னால், நுங்கைவிடக் கொஞ்சம் கெட்டியாக, வட்டமாக ஒன்று விரலில் தட்டுப்பட்டால் அது சுரப்பி. காம்பு வரைக்கும் எதுவுமே தட்டுப்படாமல் மெத்தென்று வந்தால் அது வெறும் கொழுப்பு. தொப்பை போயும் மார்பு போகவில்லை, வலி வேறு எடுத்தது என்கிறீர்கள். உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் சுரப்பிதான். அது எத்தனை தண்டால் எடுத்தாலும் கரையாது. நீங்கள் சரியாக உழைக்கவில்லை என்று ஜிம்மில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு முறை பார்த்தால் போதும், தினமும் பிசைந்து பார்க்க வேண்டாம். கட்டி ஒரு பக்கம் மட்டும், கல்போல் கெட்டியாக, காம்பிலிருந்து விலகி இருந்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, தோல் உள்ளே இழுத்தாலோ நாள் கடத்தாமல் டாக்டரிடம் போக வேண்டும். ஆண்களுக்கு மார்புப் புற்றுநோய் அபூர்வம், ஆனாலும் உண்டு.

அந்த மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். உடம்பு ஏற்றுவதற்கென்று கைமாறுகிற மாத்திரைகளிலும் ஊசிகளிலும் ஆண் ஹார்மோன் ஸ்டீராய்டு இருப்பது சகஜம். வெளியிலிருந்து அது நிறைய வரும்போது, உடம்பு அதில் ஒரு பங்கை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடும். கூடவே விரைகள் தாமாகச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரையை நிறுத்திய பிறகும் அந்தச் சுரப்பு பழைய நிலைக்கு வரச் சில மாதங்கள் பிடிக்கும். காம்புக்குப் பின்னால் வலி வந்தது இதனால்தான் என்று நினைக்கிறேன். அட்டையோ டப்பாவோ இன்னும் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கிடைத்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வேறு மருந்து ஏதும் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற ஸ்பைரனோலாக்டோன், முடி உதிர்வுக்குக் கொடுக்கிற ஃபினாஸ்டரைடு, மனநோய்க்குக் கொடுக்கிற ரிஸ்பெரிடோன் போன்றவையும் மார்பை வளர்க்கக்கூடியவை. குடிப் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஈரல் கெட்டாலும் இதே கதைதான்.

எங்கே போவது? கோரிப்பாளையத்துப் பக்கம் நம் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. அங்கே பிளாஸ்டிக் சர்ஜரி துறை உண்டு. காலையில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு போய் நேராகவே காட்டலாம். தனியாரிடம்தான் போவதென்றால் பெயருக்குப் பின்னால் எம்.சிஎச். அல்லது டிஎன்பி பிளாஸ்டிக் சர்ஜரி பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘காஸ்மெடிக்’ என்று பலகையில் எழுத யாராலும் முடியும். மயக்க மருந்து கொடுக்கத் தனியாக ஒரு மயக்க மருத்துவர் வருவாரா என்றும் கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனையில் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடயால், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், எச்.சி.ஜி. ஆகிய ஹார்மோன்களின் அளவையும், தைராய்டு, ஈரல், கிட்னி சரியாக வேலை செய்கின்றனவா என்பதையும் பார்ப்பார்கள். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் 10 மணிக்குள் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுங்கள். மார்புக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். இன்னொன்று, டாக்டர் உங்கள் விரைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். விரை வழக்கத்தைவிடச் சிறிதாக இருந்தாலோ, அதில் கட்டி இருந்தாலோ மார்பு வளர்ந்த காரணம் அங்கேயே இருக்கக்கூடும். கூச்சப்பட்டுத் தட்டிக் கழிக்காதீர்கள். அவர் பார்க்க மறந்தால் நீங்களே கேளுங்கள். கட்டணம் சொன்ன அந்த கிளினிக்கில் உங்களை யாராவது படுக்க வைத்துத் தொட்டுப் பார்த்தார்களா, சாப்பிட்ட மாத்திரையைப் பற்றிக் கேட்டார்களா என்று யோசித்துப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் அந்தத் தள்ளுபடி உங்களுக்கு எந்த விதத்திலும் லாபமில்லை.

வீக்கம் புதிதாக, வலியோடு இருக்கும்போது டமாக்சிஃபென் மாத்திரை சிலருக்குக் கேட்கும். ஒரு வருடம் தாண்டினால் திசு நார் விழுந்து இறுகிவிடும், பிறகு மருந்துக்கு அசையாது. உங்களுக்கு இது பத்து வருடத்துக்கு மேற்பட்ட விஷயம். பரிசோதனையில் கோளாறு ஏதும் இல்லையென்றால் மிச்சம் இருப்பது ஆபரேஷன்தான்.

அதில் என்ன செய்வார்கள் என்று விவரமாகவே சொல்கிறேன். தெரிந்துகொண்டு போனால் பயம் பாதியாகும். மயக்கம் கொடுப்பதற்கு முன்பே உங்களை நிற்க வைத்து மார்பில் பேனாவால் கோடு போடுவார்கள். படுத்தால் சதை சரிந்து அளவு மாறிவிடும் என்பதால் அப்படி. பிறகு, ரத்தக் கசிவைக் குறைக்க அட்ரினலின் கலந்த உப்பு நீரை மார்புக்குள் ஏற்றி, சில மில்லிமீட்டர் துளை வழியாக மெல்லிய குழாயை விட்டுக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். இதுதான் லைப்போசக்ஷன். சுரப்பி நார்ப்பிடிப்பானது, குழாயில் அது முழுதாக வராது. அதற்காகக் காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் ஓரத்தில், கறுப்பும் மாநிறமும் சேருகிற கோட்டிலேயே அரைவட்டமாகக் கீறி, சுரப்பியைத் தனியாக வெட்டி எடுப்பார்கள். வெப்ஸ்டர் என்ற மருத்துவர் 1946-இல் எழுதிய முறை, இன்றும் அதுதான் வழக்கம். அந்தக் கோட்டில் விழுகிற தழும்பு நாளாக ஆகக் கண்ணுக்கு எடுபடாது. ஆனால் தழும்பே இல்லை என்று சொல்வது உண்மையல்ல. நம் நிறத்துக்குத் தழும்பு தடித்து எழும்புவது கொஞ்சம் அதிகம். உங்களுக்குப் பழைய காயம் ஏதாவது அப்படித் தடித்திருந்தால் முன்கூட்டியே காட்டுங்கள். தோல் நிறையத் தொங்குபவர்களுக்குத் தோலையும் குறைக்க வேண்டிவரும், தழும்பும் நீளும்.

கைதேர்ந்தவர் சுரப்பியை முழுக்கச் சுரண்டி எடுக்க மாட்டார். காம்புக்கு அடியில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு விட்டுவைப்பார். அதையும் எடுத்தால் காம்பு உள்ளே விழுந்து மார்பில் பள்ளமாகிவிடும். அதைச் சரிசெய்வது முதல் ஆபரேஷனைவிடச் சிரமம். முக்கால் மணி நேரத்தில் முடிப்பதாகப் பெருமை பேசுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வர நிதானம் வேண்டும். எடுத்த திசுவை பயாப்சிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, அந்த ரிப்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக வருகிற சிக்கல் உள்ளே ரத்தம் கட்டுவது. பெரும்பாலும் முதல் நாள் ராத்திரியிலேயே தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் விறுவிறுவென்று வீங்கி, தோல் இறுகி, வலி கூடினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும். உங்கள் ஊர் மதுரையிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அதனால் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்று அவர்களே சொன்னாலும் நீங்கள் மதுரையிலேயே ஒரு ராத்திரி தங்குங்கள். சில மாதங்களுக்குக் காம்பு மரத்துக் கிடக்கும், பிறகு மெல்ல உணர்ச்சி திரும்பும். சிலருக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். சிகரெட் பிடிப்பவரானால் ஒரு மாதத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். காம்புக்குப் போகிற ரத்தம் குறைந்தால் அது கறுத்து அழுகவும் வாய்ப்புண்டு.

எப்போது செய்வது என்பதில் ஊரையும் வேலையையும் பார்க்க வேண்டும். முடிந்த பிறகு நான்கு முதல் ஆறு வாரம் இறுக்கமான பிரஷர் பனியன் போட வேண்டும், குளிக்கும்போதுதான் கழற்றலாம். மதுரைக் கத்திரி வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு இருந்தால் வேர்க்குரு பிடுங்கிவிடும். பாதியில் கழற்றி எறிந்தவர்களுக்கு உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் கல்லாவில் உட்காரலாம். ஆனால் துணிக் கட்டுத் தூக்குவதும் ஜிம்மும் ஆறு வாரத்துக்குக் கூடாது. உங்கள் கடையில் தீபாவளி முடியும் வரை லீவு கிடைக்காது. ஆகவே பரிசோதனைகளை இப்போதே முடித்துக்கொண்டு, ஆபரேஷனைக் கார்த்திகையில் வைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் முழுதாக வடிய மூன்றிலிருந்து ஆறு மாதமாகும். தையில் கல்யாணம் என்று தேதி குறித்துவிட்டால் அதற்கு முன்னால் அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடுத்த சுரப்பி பொதுவாகத் திரும்ப வளராது. உடம்பு மறுபடி பெருத்தால் கொழுப்பு சேரும். அந்த மாதிரி மாத்திரையைத் திரும்பத் தொட்டால், விட்டுவைத்த திசு வளரும். இனி அதைக் கையால்கூடத் தொடாதீர்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் இதை அழகு சிகிச்சை என்று தள்ளிவிடுகின்றன. எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனியாரில் சர்ஜன், மயக்க மருத்துவர், தியேட்டர், அறை, பனியன், பயாப்சி எல்லாம் சேர்த்து எவ்வளவு, சிக்கல் வந்து மறுபடி தியேட்டருக்கு எடுத்துப்போனால் யார் செலவு என்று ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். வட்டிக்கு வாங்கியோ, வீட்டு நகையை அடகு வைத்தோ செய்கிற அளவுக்கு இதில் அவசரம் இல்லை.

பெண் வீட்டாரிடம் இதைச் சொல்லியாக வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடம், பேச்சு உறுதியான பிறகு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. கேட்கிற விதத்தில் சொன்னால் பெண்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அதற்கும் முன்னால் வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். அண்ணனோ, மாமா பையனோ, அம்மாவோ, யார் என்பது உங்கள் விருப்பம். ஆபரேஷன் அன்று ராத்திரி கூட ஒரு ஆள் கட்டாயம் இருக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சட்டை மாட்டக்கூட உங்களுக்குத் துணை தேவைப்படும். பரிசோதனை ரிப்போர்ட்டுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அவற்றைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுவோம்.